வீட்டு நெட்டுக்கு மோடம்: வாடகையா, சொந்தமா? வேலூர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதிதாக நெட் இணைப்பு எடுக்கிறவர்கள் எல்லோரும் பிளான் விலையைத்தான் அலசுவார்கள். எத்தனை எம்பிபிஎஸ் வேகம், ஓடிடி உண்டா, ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் எவ்வளவு குறையும் என்று எல்லாம் கேட்டு முடித்து, லைன் இழுக்க ஆள் வந்து சுவரில் ஏணியைச் சாய்த்த பிறகுதான் அந்தக் கேள்வி வரும்: “மோடம் எங்களுதே போட்டுடலாமா சார், இல்ல நீங்க வாங்கிக்கிறீங்களா?” அந்த நேரத்தில் எங்கே யோசிக்க முடியும், “நீங்களே போட்டுடுங்க” என்று சொல்லிவிடுவோம். அப்புறம் இரண்டு வருடம் கழித்து பில்லை உற்றுப் பார்க்கும்போதுதான் மோடம் வாடகை என்று ஒரு வரி மாதாமாதம் ஓடிக்கொண்டிருப்பது தெரியும். அல்லது இதற்கு நேர்மாறாக, சொந்தமாக வாங்கிய மோடம் வேறு கம்பெனிக்கு மாறியதும் பரணுக்குப் போய்விடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபைபர், அதாவது கண்ணாடி இழை வயர், வந்து சொருகும் பெட்டியை (அதுதான் மோடம்) முடிந்தவரை கம்பெனிக்காரர் பொறுப்பிலேயே விடுங்கள். உங்கள் காசைப் போடுவதானால், அந்த நெட்டை வீடு முழுக்கப் பரப்பும் வைஃபை ரவுட்டரில் போடுங்கள். இதற்கு விதிவிலக்குகள் உண்டு, எங்கே எப்போது என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் வயரைப் பாருங்கள்

உங்கள் வீட்டுக்கு என்ன வயர் வருகிறது என்று தெரியாமல் மோடம் பற்றி முடிவெடுக்க முடியாது. நம் ஊரில் நான்கு விதம் பார்க்கலாம்.

டிவிக்கு வருகிற தடித்த கறுப்பு வயர், நடுவில் செம்புக் கம்பி, திருகிப் பொருத்துகிற முனை, இது கோஆக்சியல் கேபிள். கேபிள் மோடம் என்று சொல்வது இதில் வேலை செய்கிற பெட்டியைத்தான். அமெரிக்காவில் கோடிக்கணக்கான வீடுகளில் இன்றும் இதுதான் நெட். இங்கே கேபிள்காரர் டிவிக்கு இந்த வயரைக் கொடுத்தாலும், நெட்டுக்குப் பெரும்பாலும் தனியாக ஒரு ஃபைபரைத்தான் இழுக்கிறார். அதனால் கடையில் போய் வெறுமனே “கேபிள் மோடம் கொடுங்க” என்று கேட்டு எதையாவது வாங்கி வந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, பழைய டெலிபோன் லைன். 2005-இல் பிஎஸ்என்எல் டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்த காலத்து மோடம் பல வீடுகளில் இன்னும் பத்திரமாக இருக்கும். அதில் போன் பின் சொருகும் சின்ன ஓட்டை இருக்கும். ஃபைபருக்கு அது உதவாது. தூக்கிப்போட மனசு வராது, தெரியும், ஆனாலும் உதவாது.

மூன்றாவது, மொட்டை மாடி மொட்டை மாடியாகத் தாண்டி வருகிற லேன் கேபிள், கம்ப்யூட்டரில் சொருகுவோமே அதே வகை. சில உள்ளூர் ஆபரேட்டர்கள் தெரு முனையில் ஒரு பெட்டி வைத்து அங்கிருந்து வீடுகளுக்கு இப்படிக் கொடுப்பது உண்டு. உங்கள் வீட்டுக்குள் வருவது லேன் கேபிள்தான் என்றால் உங்களுக்கு மோடமே தேவையில்லை, ரவுட்டர் மட்டும் போதும். இந்த இணைப்புக்கு யாராவது மோடம் வாடகை என்று கேட்டால் எந்த மோடம் என்று திருப்பிக் கேளுங்கள்.

நான்காவது, இப்போது எங்கும் பரவியிருக்கிற ஃபைபர். தட்டையான மெல்லிய வயர், அதற்குள் தலைமுடி அளவுக்கு ஒரு கண்ணாடி இழை, முனையில் பச்சை அல்லது நீல நிறப் பின். இது சொருகும் பெட்டியை ஓஎன்டி என்றும் ஓஎன்யூ என்றும் சொல்வார்கள். லைன்மேன் மோடம் என்பார், நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம். பெரும்பாலும் இதே பெட்டிக்குள் வைஃபையும் சேர்ந்தே இருக்கும், அதனால்தான் மோடம் வேறு ரவுட்டர் வேறு என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

மொட்டை மாடியில் 5ஜி பெட்டி வைத்துக் கொடுக்கும் ஏர்ஃபைபர் எடுத்தால் வெளிப்பெட்டி கம்பெனியுடையதுதான், உங்களுக்குத் தேர்வே கிடையாது. அதை இத்தோடு விட்டுவிடலாம்.

ஏன் எந்தப் பெட்டியையும் சொருகிவிட முடியாது

கடையில் ஓஎன்டி வாங்கி வந்து ஃபைபரைச் சொருகினால் நெட் வந்துவிடும் என்று நினைப்பது இயல்புதான். டிவி அப்படித்தானே. ஆனால் ஃபைபர் வேறு மாதிரி. கம்பெனியின் அறையில் ஓஎல்டி என்ற பெரிய பெட்டி இருக்கும். அங்கிருந்து கிளம்பும் ஒரே ஒரு இழை, வழியில் ஸ்ப்ளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரியும். இந்த ஜிபான் முறையில் ஒரு இழைக்கு கீழ்நோக்கி (வீடுகளுக்கு வருவது) சுமார் 2.5 ஜிபிபிஎஸ், அதாவது 2500 எம்பிபிஎஸ், மேல்நோக்கி (வீடுகளிலிருந்து போவது) சுமார் 1.25 ஜிபிபிஎஸ், அதைத்தான் அத்தனை வீடுகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. உங்கள் வீட்டுக்கு வரும் அதே ஒளி பக்கத்து வீட்டுக்கும் போகிறது. அவரவர் பங்கை அவரவர் பெட்டி மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். திரும்ப அனுப்பும்போதோ ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நொடியின் மிகச் சின்னத் துண்டு ஒதுக்கப்படும், அந்த நேரத்தில் மட்டும்தான் அது ஒளியை விட வேண்டும்.

இந்த ஒழுங்குக்காகத்தான் ஓஎல்டியில் ஒவ்வொரு பெட்டியின் சீரியல் நம்பரையும் பதிவு செய்கிறார்கள். பதிவு இல்லாத பெட்டிக்கு நெட் போகாது. அதோடு, கோளாறான பெட்டி ஒன்று தன் நேரம் பாராமல் ஒளியை விட்டுக்கொண்டே இருந்தால் அந்த இழையில் உள்ள மொத்தத் தெருவுக்கும் நெட் போய்விடும். எந்த வீட்டுப் பெட்டி என்று கண்டுபிடிக்க லைன்மேன் ஒவ்வொரு லைனாகக் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். எனவே “வெளி மோடம் போட மாட்டோம் சார்” என்று ஒருவர் சொன்னால் அது முழுக்கவும் பணம் பறிக்கும் தந்திரம் என்று நினைக்க வேண்டாம். கொஞ்சம் நியாயமும் இருக்கிறது.

யாரிடம் எடுக்கிறீர்கள் என்பதே பாதி முடிவு

ஜியோ, ஏர்டெல் மாதிரிப் பெரிய கம்பெனி என்றால் ஓஎன்டி அவர்களுடையது. அதை அவர்களே நிர்வகிப்பார்கள், இணைப்பை விட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும். அங்கே வாங்குவதா வாடகையா என்ற கேள்வி ஓஎன்டி விஷயத்தில் எழாது. டெபாசிட் உண்டா, இலவசம் என்றால் எத்தனை மாதக் கட்டணத்தை முன்பணமாகக் கட்டினால் இலவசம், இடையில் விட்டால் என்ன பிடிப்பார்கள், இதை மட்டும் கேளுங்கள்.

பிஎஸ்என்எல் ஃபைபரை நம் பக்கத்தில் பல இடங்களில் உள்ளூர்ப் பங்குதாரர்கள் வழியாகக் கொடுக்கிறார்கள். லைன் இழுப்பது, பழுது பார்ப்பது எல்லாம் அவர்தான், அந்தத் தெருவுக்கு டிவி கேபிள் கொடுப்பவரே அவராகவும் இருப்பார். இங்கே பெட்டியைச் சொந்தமாக வாங்கிக்கொள்ள இடம் உண்டு. அவர் கையில் இருப்பதையே விலைக்கும் கொடுப்பார். கேபிள்காரர் தனியாக நடத்தும் நெட்டிலும் இப்படித்தான். அதாவது நிஜமாகவே உட்கார்ந்து யோசிக்க வேண்டியவர்கள் இந்த இரண்டு வகையில் இருப்பவர்கள்தான்.

ஏணி சாய்க்கும் முன் கேட்க வேண்டியவை

போனில் கேட்காதீர்கள், கேட்டாலும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். பெட்டிக்குத் தனி வாடகையா, பிளானுக்குள்ளேயே அடக்கமா? தனி என்றால் அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேருமா? டெபாசிட் என்றால் முழுதும் திரும்ப வருமா, “இன்ஸ்டலேஷன் சார்ஜ்” என்ற பெயரில் அதில் ஒரு பகுதி கரைந்துபோகுமா? இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள், 1500 கட்டினால் அதில் எவ்வளவு டெபாசிட், எவ்வளவு இன்ஸ்டலேஷன் என்று ரசீதில் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம், பெட்டி ரிப்பேரானால் யார் செலவு? வாடகைப் பெட்டி என்றால் இலவசமாக மாற்றித் தருவதுதான் முறை, அதற்குத்தானே வாடகை. ஆனால் அடாப்டர் போனால்? முதலில் போவது பெரும்பாலும் அடாப்டர்தான். சிலர் “அடாப்டர் கஸ்டமர் செலவு சார்” என்பார்கள். தெரிந்துகொண்டு சரி என்று சொல்வது வேறு, தெரியாமல் மாட்டிக்கொள்வது வேறு.

சொந்தமாக வாங்கும் எண்ணம் இருந்தால் இன்னும் ஒரு கேள்வி (ஜிபான் மாதிரியே ஈபான் என்று இன்னொரு ஃபைபர் முறையும் உண்டு): “உங்க ஓஎல்டி ஜிபானா, ஈபானா? வெளியில வாங்கின பெட்டிய ரிஜிஸ்டர் பண்ணித் தருவீங்களா?” இதைக் கேட்டதும் அந்த முனையில் இருப்பவர் குரலே மாறும். உங்களுக்கு விஷயம் தெரியும் என்று புரிந்துகொள்வார். “மாடல் சொல்லுங்க சார், ஓடுமான்னு பார்த்துச் சொல்றேன்” என்றால் நல்ல ஆள். “அதெல்லாம் ஓடாது” என்று ஒரே போடாகப் போட்டால் அவர் பெட்டியையே எடுத்துக்கொண்டு, ரவுட்டரை மட்டும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். வாடகை மாதம் 100 ரூபாய் என்று வையுங்கள். ஜிஎஸ்டி சேர்த்து 118. வருடத்துக்கு 1416. அதே தரத்துப் பெட்டி கடையில் 2000 ரூபாய் என்றால் பதினேழாவது மாதத்தில் வாடகை அதைத் தொட்டுவிடுகிறது. வாடகை 50 ரூபாய்தான் என்றால் வரியோடு 59, அப்போது 34 மாதம் ஆகும், கிட்டத்தட்ட மூன்று வருடம். உங்களுக்குச் சொன்ன தொகையைப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்: பெட்டி விலையை வரியோடு சேர்ந்த மாத வாடகையால் வகுத்தால் எத்தனை மாதம் என்று வரும், அவ்வளவுதான்.

டெபாசிட் கதை வேறு. 1500 ரூபாய் டெபாசிட் கட்டி அது முழுதாகத் திரும்ப வந்தால், அந்தப் பணத்துக்கு 6 சதவீத வட்டி என்று வைத்தாலும் வருடத்துக்கு உங்கள் நஷ்டம் 90 ரூபாய். மூன்றில் மலிவானது இதுதான், திரும்ப வரும் என்ற நம்பிக்கை இருந்தால். அந்த நம்பிக்கைக்குப் பெயர் ரசீது.

யாருக்கு எது சரி

விஐடியில் படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்து காட்பாடி பக்கம் வீடு எடுத்துத் தங்கினால் கண்ணை மூடிக்கொண்டு வாடகை, அல்லது டெபாசிட். படிப்பு முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் போகப்போகிறார்கள், பெட்டி யாருக்கு என்ற பஞ்சாயத்தே வேண்டாம். ஒன்றே ஒன்று, செமஸ்டர் லீவில் பிளானை நிறுத்தி வைக்க முடியுமா, நிறுத்தினாலும் பெட்டி வாடகை ஓடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டு ஓனரே நெட்டோடு வாடகைக்கு விடுகிறார் என்றால் கணக்கு தலைகீழ்: குடியிருப்பவர்கள் மாறுவார்கள், லைன் மாறாது, ஓனர் சொந்தமாக வாங்கி வைப்பதுதான் லாபம்.

சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வந்து ஒன்றிரண்டு மாதம் அறை எடுத்துத் தங்குகிறவர்களுக்கு லைனே வேண்டாம், போன் ஹாட்ஸ்பாட் போதும்.

சத்துவாச்சாரி, காந்தி நகர் மாதிரி இடங்களில் சொந்த வீடு என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இருபது வருடம் இங்கேதான் இருக்கப் போகிறோம், அதனால் பெட்டியும் சொந்தமாக இருக்கட்டும் என்று தோன்றும். எனக்கு இதில் உடன்பாடில்லை. நீங்கள் வீடு மாற மாட்டீர்கள் சரி, கம்பெனி மாறுவீர்களே. தெருவில் பல கம்பெனி லைன் ஓடுகிற இடத்தில், ஒரு வாரம் நெட் வராவிட்டால் அடுத்தவரைக் கூப்பிடுவதுதான் வழக்கம். அப்படி மாறும்போது பழைய ஓஎன்டி அங்கே ஓடும் என்று எந்த நிச்சயமும் இல்லை. ஆனால் நல்ல ரவுட்டர் ஒன்று சொந்தமாக இருந்தால் எந்தக் கம்பெனி வந்தாலும் அது உங்களோடு வரும். வைஃபை பெயர், பாஸ்வேர்டு எதுவும் மாறாது, டிவி, கேமரா, அப்பாவின் போன் என்று ஒவ்வொன்றிலும் திரும்பப் பாஸ்வேர்டு அடிக்கும் வேலையும் இல்லை.

அதே நேரம் ஒடுகத்தூர், அணைக்கட்டு பக்கத்துக் கிராமம், இருப்பதே ஒரே ஆபரேட்டர், மாறுவதற்கு வேறு ஆளே இல்லை என்றால் ஓஎன்டியைச் சொந்தமாக வாங்குவதில் தப்பில்லை. பரணுக்குப் போகும் ஆபத்து குறைவு. முன்பு சொன்ன விதிவிலக்குகளில் இதுவும் ஒன்று.

வாங்குவதானால் பார்த்து வாங்குங்கள்

ஓஎன்டி வாங்கினால் முதலில் ஜிபானா ஈபானா என்பது. இரண்டிலும் ஓடுகிற எக்ஸ்பான் என்ற வகையும் கிடைக்கும், உள்ளூர் ஆபரேட்டரிடம் இருப்பவர்களுக்கு அதுவே பாதுகாப்பு. சைரோடெக், நெட்லிங்க் போன்ற பெயர்களைச் சிறு ஆபரேட்டர்கள் அதிகம் பயன்படுத்துகிறார்கள். எதுவானாலும் காசு கொடுக்கும் முன் மாடல் எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஓடும் என்று பதில் வாங்கிவிடுங்கள். வீட்டில் 0416 என்று தொடங்கும் லேண்ட்லைனை ஃபைபரிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் போன் பின் சொருகும் வசதியுள்ள பெட்டியாகக் கேளுங்கள். இதை மறந்துவிட்டு வாங்கினால் வீட்டுப் பெரியவர்களிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொள்ள நேரும்.

பழைய ஓஎன்டி சல்லிசாகக் கிடைக்கிறது என்று யாராவது கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பெரிய கம்பெனிப் பெட்டிகள் அந்தக் கம்பெனிக்கே பூட்டப்பட்டவை, அதோடு அவை விற்கிறவருடைய சொத்தே இல்லை.

பெட்டியின் பின்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். லேன் துவாரத்துக்குப் பக்கத்தில் ஜிஇ என்று போட்டிருந்தால் 1000 எம்பிபிஎஸ் வரை, எஃப்இ என்றால் 100 வரைதான். விலை குறைந்த பெட்டிகளில் ஒன்று ஜிஇ, மற்றவை எஃப்இ என்று இருக்கும். 200 எம்பிபிஎஸ் பிளான் போட்டுவிட்டு டிவியை எஃப்இ துவாரத்தில் சொருகி வைத்தால் நூறுகூட முழுசாக வராது. வைஃபையிலும் இதே கதைதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும் உள்ள பெட்டியின் அட்டையில் 300 எம்பிபிஎஸ் என்று கொட்டை எழுத்தில் இருக்கும், நடைமுறையில் அதில் பாதியே பெரிய விஷயம். அக்கம்பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் அதே அலைவரிசையில் நெரிசலாக இருக்கும், மைக்ரோவேவ் அவனும் அங்கேதான் இரையும். எனவே 2.4, 5 என்று இரண்டும் உள்ள டூயல் பேண்ட் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் பிளான் எடுப்பவர்களுக்கு இது கட்டாயம்.

கம்பெனி கொடுப்பது பழைய ஒற்றை பேண்ட் பெட்டி, மாற்றித் தர மறுக்கிறார்கள் என்றால் கவலை வேண்டாம். அதை அப்படியே சுவரில் விட்டுவிட்டு, உங்கள் டூயல் பேண்ட் ரவுட்டரை அதன் ஜிஇ துவாரத்திலிருந்து ஒரு லேன் கேபிள் போட்டு இணையுங்கள். கேட் 5இ கேபிளே போதும். ரவுட்டரில் ஆக்சஸ் பாயிண்ட் மோடு என்று ஒன்று இருக்கும், புதியவர்களுக்கு அதுதான் எளிது. அப்புறம் பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் போன் அடிக்கடி அதையே போய்ப் பிடித்துக்கொள்ளும்.

பொருத்தும் நாள்

லைன்மேன் வேலை செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள். தட்டை வயரின் தோலை உரித்து, இழையைத் திரவத்தில் நனைத்த டிஷ்யூவால் துடைத்து, சின்னக் கருவியில் வைத்து ஒரு சொடுக்கு. அவ்வளவுதான், கண்ணுக்கே தெரியாத ஒரு துணுக்கு தெறித்து விழும். செருப்பில்லாமல் நிற்கும் குழந்தைகளை அந்த இடத்தில் விடாதீர்கள், காலில் ஏறினால் எடுப்பது கஷ்டம். முனையைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்ப்பதும் கூடாது, அதில் ஓடும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கிறது.

பின் போட்டதும், ஒளி எவ்வளவு வலுவாக வருகிறது என்று கையடக்கமான பவர் மீட்டரில் சொருகிப் பார்ப்பார். மைனஸ் 19, மைனஸ் 22 என்று ஏதாவது காட்டும். மைனஸ் 15-இலிருந்து 25-க்குள் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐத் தாண்டினால் இன்றைக்கு நெட் வந்தாலும் அடிக்கடி அறுந்துகொண்டே இருக்கும், “இன்னா அண்ணா, இவ்ளோ கம்மியா இருக்கு, இன்னொரு தபா போட்டுப் பாருங்களேன்” என்று அங்கேயே சொல்லிவிடுங்கள். அந்த எண்ணைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து வேகம் குறையும்போது, குற்றம் மோடத்திலா லைனிலா என்று அன்றைய எண்ணோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். புது மோடம் வாங்கச் சொல்கிறவரிடம் முதலில் பவர் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பல சமயம் எங்கோ வயர் மடங்கியிருப்பதுதான் காரணம்.

பெட்டியில் பான் விளக்கு பச்சையாக நிலையாக எரிய வேண்டும். லாஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பில் மின்னினால் ஒளியே வரவில்லை, அது உங்கள் பெட்டிக் கோளாறாக இருப்பது அபூர்வம். ஸ்மார்ட் சிட்டி வேலைக்குத் தோண்டியபோது வேலூரில் பலர் வீட்டில் இந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துப் பழகிப்போனது.

சொந்தப் பெட்டி என்றால் இன்னும் இரண்டை வாங்கி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்: நெட்டுக்குள் நுழைவதற்கான பிபிபிஓஇ யூசர்நேம் பாஸ்வேர்டு, அப்புறம் பெட்டியில் போட வேண்டிய விலேன் என்ற எண். பெட்டியை ரீசெட் செய்தால் இவை இல்லாமல் நெட் வராது. லைன்மேன் தலையில்தான் இருக்கும், அவர் ஊருக்குப் போயிருப்பார்.

இடம்: டிவி ஸ்டாண்டின் மூடிய அடுக்குக்குள் திணிக்காதீர்கள். நம் ஊர் மே மாத வெயிலில் அறையே கொதிக்கும், மூடிய அடுக்குக்குள் பெட்டி தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகும், மோடம் போச்சு என்று புதிதாக வாங்கப் போய்விடுவோம். வீட்டின் நடுவில், தலை உயரத்தில், காற்றோட்டமாக.

கரண்ட் போனால்

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் மாலைதான் வரும். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் மினி யூபிஎஸ் வாங்குவார்கள். நல்லது, ஆனால் பெட்டியின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள். பெரும்பாலும் 12 வோல்ட்தான், ஆம்பியரோ 0.5 முதல் 2 வரை மாறும். தனி ரவுட்டரும் வைத்திருந்தால் இரண்டுக்கும் சேர்த்துத் தாங்க வேண்டும். வழியில் இருக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே தேவையில்லை, அது வெறும் கண்ணாடி வேலை. கம்பெனியின் ஓஎல்டி அறையில் பேட்டரி இருந்தால் தெரு முழுக்க இருட்டாக இருந்தாலும் உங்களுக்கு நெட் வரும். கம்பத்தில் சுவிட்ச் பெட்டி வைத்து லேன் கேபிள் கொடுக்கிறவரிடம் இது நடக்காது, அந்தப் பெட்டிக்குக் கரண்ட் போனால் அதோடு சரி. எனவே யூபிஎஸ்ஸுக்குக் காசு போடும் முன் ஆபரேட்டரிடம் பேக்கப் உண்டா என்று கேளுங்கள்.

இடி மின்னல் நேரத்தில் கண்ணாடி இழை வழியாக மின்சாரம் வராது, பெரும்பாலும் அடாப்டர் வழியாகத்தான் வரும். அதைப் பிடுங்கி வையுங்கள், வெளியிலிருந்து வருவது லேன் கேபிள் என்றால் அதையும் சேர்த்து.

அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு

நம் பக்கத்திலிருந்து அங்கே போயிருக்கும் பிள்ளைகள் போனில் மோடம் வாங்கட்டுமா என்று கேட்டால், இங்கே சொன்னதை அப்படியே சொல்லிவிடாதீர்கள். அங்கே கதை நேரெதிர். கோஆக்சியல் கேபிளில் வரும் நெட்டுக்கு மோடம் வாடகை சில கம்பெனிகளில் மாதம் 10 டாலருக்கு மேல், 15 டாலர் என்றால் வருடத்துக்கு 180. சொந்தமாக வாங்கும் வழக்கம் அங்கே நெடுநாளாக உண்டு. எக்ஸ்ஃபினிட்டி மாதிரிக் கம்பெனிகள் எந்தெந்த மோடம் ஓடும் என்ற பட்டியலை வெளியிடுகின்றன, அதைப் பார்த்து வாங்கி, மோடத்தின் மேக் எண்ணை (அதன் அடையாள எண்) பதிவு செய்தால் முடிந்தது. டாக்சிஸ் என்பது கேபிள் மோடங்களுக்கான தரம், அதில் 3.1 வகையாக வாங்கச் சொல்லுங்கள். 3.0 2006-இல் வந்த தரம், வேகமான பிளானுக்குப் போதாது. சொந்த மோடம் வைத்திருப்பவரிடம் மோடம் வாடகை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது, 2020 டிசம்பரிலிருந்து நடைமுறையில். ஆனால் அங்கேயும் ஃபைபர் இணைப்பு என்றால் ஓஎன்டி பெரும்பாலும் கம்பெனியுடையதுதான், ரவுட்டரை மட்டும் வாங்கினால் போதும். படிக்கப் போன பிள்ளை, ஒரு வருடத்தில் வேறு ஊர் மாறும் என்றால் வாங்குவதற்கு முன் அடுத்த ஊரில் அதே மாதிரி கேபிள் நெட் இருக்குமா என்று பார்ப்பது நல்லது.

இணைப்பை விடும்போது

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் கம்பெனி மாறியபோது பெட்டியை வந்து வாங்கிய பையனிடம் சும்மா கொடுத்து அனுப்பிவிட்டார். ரசீது கேட்கவில்லை. சில மாதம் கழித்து, பெட்டியைத் திருப்பவில்லை, பணம் கட்டுங்கள் என்று போன் மேல் போன். வந்த பையனோ வேலையை விட்டுப் போயிருந்தான். அந்த அண்ணன் டெபாசிட்டை மறந்ததோடு, மேற்கொண்டு போன் வராமல் இருந்தால் போதும் என்று விட்டுவிட்டார். அவரை மாதிரி விட்டுவிடாதீர்கள். முதலில் கம்பெனியின் புகார் போன் நம்பரில் பதிந்து, அந்தப் புகாருக்கு ஒரு பதிவு எண் வாங்குங்கள், சரியாகாவிட்டால் அதே கம்பெனியில் மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் இருப்பார், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் விதிப்படி இருக்க வேண்டும், அவருக்கு எழுதுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் சொல்லலாம்.

இதெல்லாம் தேவைப்படாமல் இருக்க, பெட்டி வீட்டுக்கு வந்த அன்றே அடியில் உள்ள சீரியல் நம்பரைப் படம் எடுங்கள். கொடுக்கும் அன்றும் எடுங்கள். அடாப்டரைச் சேர்த்துக் கொடுங்கள், அது இல்லை என்று சொல்லியும் டெபாசிட்டில் பிடிப்பார்கள். வாங்குகிறவர் பெயர், தேதி, சீரியல் நம்பர் மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், தாள் இல்லையென்றால் அவர் போனிலிருந்து உங்களுக்கு ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்கள். கொடுப்பதற்கு முன் பெட்டியின் பின்னால் உள்ள ரீசெட் என்ற சின்ன ஓட்டையில் குண்டூசியை விட்டுப் பத்துப் பதினைந்து நொடி அழுத்திப் பிடியுங்கள், விளக்கெல்லாம் ஒருமுறை அணைந்து எரியும். இல்லாவிட்டால் உங்கள் வைஃபை பாஸ்வேர்டோடு அது அடுத்த வீட்டுக்குப் போகும், அந்தப் பாஸ்வேர்டு பெரும்பாலும் உங்கள் போன் நம்பராகத்தான் இருக்கும்.